தொட்டிக்குள் குடித்தனம்

ஈரோட்டில் வீரப்பன்சத்திரத்துப் பக்கம் கிணத்துச் சந்து என்று ஒரு சந்து உண்டு. அந்தச் சந்தில் தறிச்சத்தம் நின்றுபோனால் ஆட்கள் திடுக்கிட்டு எழுந்து உட்காருவார்களே தவிர, செத்துப்போனவன் திரும்பி வந்துவிட்டான் என்று யாராவது சொன்னால் அசைய மாட்டார்கள். அப்படியா, எப்ப வந்தாராம், சாப்பிட்டாச்சாமா என்று கேட்டுவிட்டு அவரவர் சோலியைப் பார்ப்பார்கள். நல்லசிவம் திரும்பி வந்தபோதும் அப்படித்தான் நடந்தது. ஆளாக வரவில்லை, சட்டை சட்டையாக வந்தான். அதுவும் வாசல் வழியாக அல்ல, அவன் பெண்டாட்டி சுகந்தாமணி கூடத்தில் வைத்து வளர்த்த கண்ணாடித் தொட்டிக்குள், கப்பி மீன்களின் வாலில் வந்தான்.

உயிரோடு இருந்த காலத்தில் நல்லசிவம் ஜவுளிச் சந்தையில் சட்டைத்துணி கமிஷனுக்கு விற்கிறவன். துணியிலேயே புழங்குகிறவர்கள் பெரும்பாலும் கசங்கிய வேட்டியோடு திரிவார்கள், இவன் அப்படியல்ல. காலையில் ஒரு சட்டை, சாயங்காலம் ஒரு சட்டை, கல்யாண வீடு என்றால் தாலி கட்ட ஒன்று, பந்திக்கு ஒன்று என்று மாற்றுகிற ஆள். அத்தனை சட்டையையும் துவைத்து, கஞ்சி போட்டு, தேய்த்து, பொத்தான் தைத்துக் கொடுத்தவள் சுகந்தாமணி. எந்தச் சட்டையில் எந்த இடத்தில் குழம்புக் கறை, எதில் அக்குள் தையல் விட்டிருக்கிறது என்பதெல்லாம் அவளுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி அந்தச் சந்து ஏற்கெனவே வாய் வலிக்கப் பேசி முடித்துவிட்டதால் இங்கே வேறு பேச வேண்டாம்.

மீன் தொட்டியும் அவன் வாங்கிப் போட்டதுதான். யாரோ ஒரு முதலாளி வீட்டில் பார்த்துவிட்டு வந்து, அடுத்த வாரமே நாலடி நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி, பச்சை விளக்கு, குமிழி விடுகிற மோட்டார், கறுப்பு மோலி, நியான் மீன், அடியில் மணலைத் துழாவிக்கொண்டே கிடக்கிற கெளுத்திக் குட்டிகள், இவற்றோடு கை நிறையக் கலர் கலராய்க் கப்பிகள் என்று கொண்டுவந்து இறக்கினான். வருகிறவர்களுக்குக் காட்டுவது அவன் வேலை, மற்றதெல்லாம் அவள் வேலை. குழாயில் வரும் காவிரித் தண்ணீரை ஒரு நாள் டிரம்மில் விட்டு மருந்து வாடை போனபின் ஊற்றுவதும், பாசி தேய்ப்பதும், வயிறு முட்டிய பெட்டை கப்பியைப் பார்த்துப் பிடித்து வலைப்பெட்டிக்குள் விடுவதும் அவள்தான். அப்படிப் பிரித்து விடாவிட்டால் கப்பித்தாய் குட்டி போட்ட கையோடு திரும்பி அதுகளையே தின்றுவிடும். தொட்டி மூடியில் இடது பக்கம் மட்டும்தான் திறப்பு இருந்தது, அதனால் அவள் இரை போடுவது எப்போதும் இடது மூலையில். அவள் நிழல் விழுந்தாலே மீன்கள் எல்லாம் இடது மூலைக்கு ஓடிவந்து வாயைப் பிளக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை சந்தையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. கருமாதி முடிகிறவரைக்கும் வீடு நிறைய ஒறம்பரையும் சொந்தபந்தமும், தொட்டியை யார் பார்த்தார்கள்? தண்ணீர் மாற்றாமல் ஆண் கப்பிகள் ஒன்றன்பின் ஒன்றாய் வாலை விரித்தபடி மிதந்தன. மொத்தத் தொட்டியிலும் மிஞ்சியது ஒரே ஒரு பெட்டை, சாம்பல் நிறத்தில், பார்க்க ஒன்றுமில்லாத ஒன்று.

செத்தவர் துணியை வீட்டில் வைக்கக் கூடாது என்பது வழக்கம். ஆனாலும் ஞாபகத்துக்கு ஒரு சட்டையாவது வைத்துக்கொள்வார்கள். சுகந்தாமணி ஒன்றுகூட வைத்துக்கொள்ளவில்லை. அத்தனையையும் வேட்டியில் மூட்டை கட்டி, கருங்கல்பாளையம் படித்துறையில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஆற்றோடு விட்டுவிட்டு வந்தாள். வரும்போது அவள் நடை கொஞ்சம் லேசாக இருந்ததை ஒருத்தி மட்டும் கவனித்தாள். நல்லசிவத்தின் அண்ணன் பெண்டாட்டி ராசாமணி, அதே காம்பவுண்டில் எதிர் போர்ஷனில் இருப்பவள்.

லேசாக இருக்காதா பின்னே? தேய்ப்புப் பெட்டி சூடு தாங்காமல் சந்தன நிறச் சட்டையின் ஓரத்தில் முக்கோணமாய்க் கருகிப்போனதற்கு, கம்பி ஹேங்கராலேயே முதுகில் வாங்கியவள் அவள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, சந்தும் கேட்டதில்லை; கேட்காமலே தெரிந்து வைத்திருப்பது சந்தின் சாமர்த்தியம்.

நல்லசிவத்துக்கு இந்த மீன்களை விற்ற, பெருந்துறை ரோட்டில் வண்ணமீன் கடை வைத்திருந்த ஈசுவரமூர்த்தி என்பவன்தான் தொட்டியை மறுபடி சுத்தம் செய்து கொடுத்தான். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாத, கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசுகிற மனிதன். ஃபில்டரைக் கழற்றிக் கழுவிக்கொண்டே, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டான். அதை அவளிடம் யாரும் கேட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. அடுத்த மாதமும் வந்தான், அதற்கடுத்ததும். வருஷத் திதி முடிந்ததும் ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று அவன் சொன்னபோது அவள் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் போய் நின்று அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே போய் மச்சாண்டார், அதாவது நல்லசிவத்தின் அண்ணன் சென்னியப்பனிடமும் ராசாமணியிடமும் சொல்லிவிட்டாள்.

சென்னியப்பன் வெற்றிலையை மென்று முடித்துத் துப்பினார். அப்புறம், "காலம் அப்படி ஆயிப்போச்சு. என்னமோ பண்ணு. ஒறம்பரைக்கு நடுவுல என்ற மூஞ்சிய எங்க வெச்சுக்கறதுன்னு நான் பாத்துக்கறேன்," என்றார். அது சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. அவளுக்கு அது போதும் என்றிருந்தது. வாழ்நாளிலேயே முதல்முறையாக ஒரு காலண்டரைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷம் வந்தது.

அப்போதுதான் அந்தச் சாம்பல் பெட்டைக்கு வயிறு கறுத்தது. தொட்டியில் ஆண் இல்லையே என்று அவள் கேட்டதற்கு, "கப்பிப் பெட்டைக்கு ஆண் வேண்டியதில்லீங்க, ஒருக்கா சேந்தா போதும், விதையை உள்ளயே வெச்சுக்கிட்டு ஆண் செத்த பொறகும் மாசக்கணக்குல குட்டி போடும்," என்று ஈசுவரமூர்த்தி விளக்கினான். அதுவரைக்கும் அதிசயமில்லை. குட்டிகள் வளர்ந்து, ஆண்களுக்கு வாலில் நிறம் ஏறத் தொடங்கியபோது, முதலாவது வால் பிஸ்தா பச்சையில் மெல்லிய வெள்ளைக் கோடு; இரண்டாவது ஆகாய நீலத்தில் பொடிக்கட்டம்; மூன்றாவது காப்பிக்கொட்டை நிறத்தில் பட்டை. சுகந்தாமணி கையிலிருந்த இரை டப்பாவைக் கீழே போட்டாள். நாலாவது வால் சந்தன நிறம், அதன் ஓரத்தில் முக்கோணமாய்க் கருகிய தடம்.

அவள் கத்தவில்லை. துணி எடுத்துத் தொட்டியை மூடினாள். மூடி என்ன பிரயோசனம், சர்க்கரை கேட்டு வந்த ராசாமணி துணியை விலக்கிப் பார்த்துவிட்டாள். பார்த்தவள் ஆச்சரியப்படவும் இல்லை, பயப்படவும் இல்லை. ரோட்டில் தெரிந்தவரைப் பார்த்தால் தலையாட்டுகிற மாதிரி தலையாட்டிவிட்டு, வாசலுக்குப் போய்ப் புருஷனைக் கூப்பிட்டாள். "ஏனுங்க, உங்க தம்பி வந்திருக்கறார்."

சென்னியப்பன் வந்தார், குனிந்தார், கண்ணாடியில் மூக்கு முட்டப் பார்த்தார். "அட, என்ற தங்கச்சி பேரன் காதுகுத்துக்குப் போட்ட சட்டையல்ல இது?" என்று பிஸ்தா பச்சையைக் காட்டினார். அவர் கண் கலங்கிவிட்டது, அதைப் பொய் என்று சொல்ல முடியாது. "ஏண்டா நல்லசிவம், சொல்லாம கொள்ளாமப் போனியே," என்றார். மீன் வாலை ஒரு சுற்று சுற்றியது. அவ்வளவுதான், பேச்சு முடிந்தது, வந்திருப்பது தம்பிதான்.

பொழுது சாய்வதற்குள் சந்து முழுக்கக் கூடத்தில் நின்றது. இது என் மகள் சீருக்கு வந்தப்பப் போட்டது, இது பவானிக்குப் போனப்ப, இது நான் கைமாத்தாக் கேட்டு இல்லைன்னு சொன்னப்பப் போட்டிருந்தது என்று ஆளாளுக்கு ஒரு சட்டையை அடையாளம் கண்டுபிடித்தார்கள். தறிக்காரர்கள் கட்டத்தின் இழையை எண்ணிப் பார்த்துச் சரியாகத்தான் இருக்கிறது என்று சாட்சி சொன்னார்கள். கருகிய தடத்தையும் எல்லாரும் பார்த்தார்கள். "இது என்ன கறை?" என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் ராசாமணியும் சந்துப் பெண்களும் தட்டில் மஞ்சள், குங்குமம், மல்லிகைச் சரம், கண்ணாடி வளையல் எல்லாம் வைத்துக்கொண்டு வந்தார்கள். "உக்காரு அம்மிணி. ஊட்டுக்காரர் ஊட்டோட இருக்கறப்ப நீ வெறும் நெத்தியோட நிக்கறது எங்களுக்கே ஆகலை," என்று அவளை மணையில் உட்கார வைத்து, நெற்றியில் குங்குமமிட்டு, தலையில் பூ வைத்து, கை நிறைய வளையல் போட்டார்கள். கருமாதியன்று அதே கைகள்தான் உடைத்தன. சுகந்தாமணிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பூவின் வாசம் தலைக்குப் பின்னாலிருந்து வந்தபோது, சொன்னால் வெட்கக்கேடு, அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. இத்தனை மாதமாக எந்த விசேஷத்திலும் அவளைச் சுவரோரம் நிற்க வைத்தவர்கள், அந்த மாதமே ஒரு வளைகாப்பில் முதல் சந்தனத்தை அவளைப் பூசச் சொன்னார்கள். பூசினாள். அந்தப் பெண்ணின் கன்னம் ஈரமாய், சூடாய் இருந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் தன் விரலை முகர்ந்துகொண்டே வந்தாள்.

திதி நாள் வந்தது. திதி கொடுக்கவில்லை, இருக்கிறவனுக்கு எதற்குத் திதி? ஈசுவரமூர்த்தி சொல்லி வைத்த மாதிரி வேட்டி சட்டையோடு வந்து வாசலில் நின்றான். சென்னியப்பன் அவனுக்கு நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, மரியாதையாகவே சொன்னார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி. என்ற தம்பி சம்சாரம் தனியா இருக்குதேன்னுதான் அன்னிக்கு நானும் செரின்னேன். இப்ப ஆளு வந்துட்டானே. புருசன் இருக்கறப்ப இன்னொரு கல்யாணம்னா, நீங்களே சொல்லுங்க, அது என்ன நாயம்?"

"மாமா, அது மீனுங்க," என்றாள் சுகந்தாமணி.

"நெத்தியில பொட்டு வெச்சப்ப மீனுன்னு சொன்னியா?" என்று ராசாமணி கேட்டாள். அதட்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். சுகந்தாமணி வளையலைக் கழற்றினாள்; கழற்றிய கையைப் பிடித்து ராசாமணி மறுபடி மாட்டிவிட்டாள், அன்பாகவே மாட்டிவிட்டாள்.

அடுத்து வந்த குட்டிகளில் ஒன்றன் வாலில் சட்டை இல்லை, சேலை. மயில்கழுத்து நிறத்தில் ரோஸ் மாங்காய். சுகந்தாமணி அப்படி ஒரு சேலை வைத்திருந்ததில்லை. ஆனால் சாவன்று வாசலுக்கு வெளியே, மின்கம்பத்தோரம், உள்ளே வராமல் நின்று வாயைப் பொத்திக்கொண்டு போன ஒருத்தி அந்தச் சேலையில்தான் நின்றாள். சந்தைப் பக்கம் தையல் கடை வைத்திருப்பவள். பார்த்ததும் சுகந்தாமணிக்கு ஆத்திரத்தைவிட நம்பிக்கைதான் வந்தது, பாருங்கள், ஆயுதம் கிடைத்த மாதிரி. சந்துச் சனத்தைக் கூட்டிக் காட்டினாள். "இதா பாருங்க, இதுதான் உங்க நல்லசிவம். இப்படிப்பட்ட ஆளோடயா என்னை இருக்கச் சொல்றீங்க?"

பார்த்தார்கள். கொஞ்ச நேரம் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அப்புறம் ராசாமணிதான் சொன்னாள். "அது ஆம்பளைங்க சமாச்சாரம் அம்மிணி. அப்ப அலைஞ்சார், இல்லீங்கல. இப்பப் பாரு, பொட்டாட்டம் சத்தமில்லாம ஊட்டோடதான கெடக்கறார்." எல்லாரும் சிரித்தார்கள், பிரச்சினை முடிந்தது. போகும்போது ஒரு கிழவி மாங்காய் வாலுக்கும் சேர்த்து ஒரு சிட்டிகை இரை போட்டுவிட்டுப் போனாள், அதுவும் பாவம் என்று.

கோயிலில் சாமியிடம் பூக்கேட்பது அந்தப் பக்கத்து வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், எது வருகிறதோ அது வாக்கு. அதையே கிணத்துச் சந்து தொட்டிக்கு மாற்றிக்கொண்டது, இரை கேட்பது என்று அதற்குப் பேரும் வைத்துக்கொண்டது. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு, மூடியைத் தூக்கி வலது மூலையில் ஒரு துணுக்கு, இடது மூலையில் ஒரு துணுக்கு போட வேண்டியது. பிஸ்தா பச்சை வலப்பக்கம் போனால் நல்லசிவத்துக்குச் சம்மதம், இடப்பக்கம் போனால் ஆகாது. பெண் கொடுக்கலாமா, தறியை விற்கலாமா, மாமியாரை மகள் வீட்டுக்கு அனுப்பலாமா என்று தினம் நாலு பேராவது வந்து கேட்டார்கள். பிஸ்தா பச்சை ஒருமுறைகூட வலப்பக்கம் போகவில்லை. எப்படிப் போகும்? இடது மூலையில் தின்று வளர்ந்த மீன் அது. கேட்ட எதற்கும் ஆகாது, ஆகாது, ஆகாது என்றே வந்தது. சந்துக்காரர்கள் துளியும் சந்தேகப்படவில்லை. "உசிரோட இருந்தப்பவும் அவன் எதுக்குமே சரின்னு சொன்னதில்லையே," என்று சந்தோஷமாக எழுந்து போனார்கள்.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்த சுகந்தாமணிக்கு ஒரு நாள் பளிச்சென்று வழி தெரிந்தது. எதைக் கேட்டாலும் மீன் ஆகாது என்றுதானே சொல்லும்? அப்படியானால் கேள்வியைத் திருப்பிப் போட்டால் போதும். தண்ணீர் மாற்ற வந்த ஈசுவரமூர்த்தியிடம் குசுகுசுவென்று சொன்னாள். "எல்லாருக்கும் முன்னால நீங்கதான் கேக்கோணும், நான் கேட்டா ஒத்துக்க மாட்டாங்க. என்னைக் கூட்டிக்கிட்டுப் போகட்டுமான்னு கேக்காதீங்க. சுகந்தாமணி இந்த வீட்டுலயே இருக்கலாமான்னு கேளுங்க. அது இடப்பக்கம்தான் வரும். ஆகாதுன்னு ஆயிரும். அப்பறம் அவிய வாயாலயே போன்னு சொல்லிருவாங்க."

அவன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சிரித்தான். "அட, ஆமாங்க," என்றான். எத்தனை நாளைக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள் என்று தெரியாது, மோட்டார் சத்தத்தில் அது வெளியே கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குச் சந்து கூடியது. சென்னியப்பன் துண்டை மடித்துத் தோளில் போட்டு முன்னால் நின்றார். ஈசுவரமூர்த்தி செருப்பைக் கழற்றிவிட்டுத் தொட்டிக்கு முன்னால் வந்தான். பிஸ்தா பச்சை மேலே வந்து, கண்ணாடியோரம் நின்று, அவனையே பார்த்தது. எந்தக் கப்பியும் எந்த மனிதனையும் அப்படித்தான் பார்க்கும், இரை வேண்டுமே. ஆயிரக்கணக்கில் கப்பியை விற்றவனுக்கு அது தெரியாதா? ஆனால் அவன் கை தானாகக் குவிந்தது.

"அண்ணா," என்றான். "உங்க வீட்டுல உப்புத் தின்னவனுங்க நான். மறைச்சுப் பேச மனசு வரலீங்க. உங்க சம்சாரத்தை நான் கூட்டிக்கிட்டுப் போகட்டுங்களா?"

இரண்டு துணுக்கும் தண்ணீரில் விழுந்தன. பிஸ்தா பச்சை வாலை ஆட்டி ஆட்டி, அவசரமில்லாமல், இடது மூலைக்குப் போனது.

சுகந்தாமணி கத்திவிட்டாள். பல வருஷக் கத்தலும் சேர்ந்து வந்தது. "ஐயோ, அது இடப்பக்கம்தான் வரும்! நான் அங்கதான் தீனி போடறேன், அதனாலதான் வருது! வேணும்னா நீங்க போட்டுப் பாருங்க, வலப்பக்கமே போடுங்க!" சென்னியப்பன் நியாயமான மனிதர். சரி, பார்த்துவிடுவோம் என்று வலப்பக்கம் மட்டும் ஒரு கை இரையை அள்ளிப் போட்டார். மற்ற மீனெல்லாம் போய்த் தின்றன. பிஸ்தா பச்சை மட்டும் ஒன்றுமில்லாத இடது மூலையிலேயே வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றது, சுகந்தாமணி அந்தப் பக்கம்தான் நின்றிருந்தாள்.

"பட்டினி கெடந்தாலும் முடியாதுங்கறான் பாரு," என்றார் சென்னியப்பன். கூட்டத்தில் இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தங்கள் புருஷன்மார் தங்களை இப்படிப் பிடித்து வைத்துக்கொள்வார்களா என்று அவர்களுக்கு ஏக்கம்.

காம்பவுண்ட் கேட்டுக்கு வெளியே ஓடிப்போய் அவள் ஈசுவரமூர்த்தியை மறித்தாள். "சொன்ன மாதிரி ஏன் கேக்கலை?"

"அண்ணன் மூஞ்சியப் பாத்துட்டு எப்படீங்க..."

"அது மீனுங்க. நீங்களே வித்த மீனோட குட்டி."

"மீன்தானுங்க. தெரியாம இல்லை."

"தெரிஞ்சும் கும்பிட்டீங்களா?"

அவன் தரையைப் பார்த்தான். "அத்தனை பேர் நிக்கறப்பத் தெரிஞ்சது தெரிஞ்ச மாதிரி இருக்கலீங்க," என்றான். வண்டியை உதைத்தான், அது உடனே கிளம்பவில்லை, நாலைந்து உதை வாங்கித்தான் கிளம்பியது. அத்தனை நேரமும் அவள் பக்கத்திலேயே நின்றாள், அவன் நிமிரவில்லை. நல்லவன்தான். அவளுக்கு நல்லவன் போதவில்லை.

அதற்குப் பிறகு அவள் இரை போடுவதை நிறுத்தினாள். சந்து முறை வைத்துக்கொண்டு போட்டது. மோட்டாரை நிறுத்தினாள், ராசாமணி போட்டுவிட்டாள். வலைப்பெட்டிக்குள் இருந்த கப்பித்தாய் மறுபடி வயிறு கறுத்துக் குட்டி போட்டது. அந்தக் குட்டிகளில் ஒன்று வளர வளர உடம்பு பெருத்து, சாம்பல் பூத்து, பெட்டை என்று தெரிந்தது. தெரிந்த பிறகு அதன் வாலில் நிறம் ஏறியது. அரக்குச் சிவப்பு, அதில் கடுகு மஞ்சளில் மெல்லிய கரை, கரையில் ஓரிடத்தில் மட்டும் நூல் பிரிந்திருந்தது. சுகந்தாமணி குனிந்து தன் முந்தானையைப் பார்த்தாள். அரக்குச் சிவப்பு, கடுகு மஞ்சள் கரை, பிரிந்த நூல்.

சந்துக்கு அன்று திருவிழா. "சேந்துட்டாங்கப்பா," என்று சென்னியப்பன் வாசலில் நின்று எல்லாருக்கும் கற்கண்டு கொடுத்தார். ராசாமணி தொட்டிக்கு மல்லிகைச் சரம் சுற்றினாள், சிவப்பு வாலைப் பார்த்து, "நல்லாரு அம்மிணி. இப்பத்தான் எங்களுக்கு வெசனம் தீந்துது," என்றாள். அதைச் சொல்லும்போது சுகந்தாமணி அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றாள். "அக்கா, நான் இங்க இருக்கறேன்," என்றாள். ராசாமணி திரும்பவில்லை. காதில் கொசு ரீங்கரித்த மாதிரி கையை மட்டும் வீசிக்கொண்டாள்.

முதலில் கோபித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் அவள் நினைத்தாள். கோபமில்லை, அவர்களுக்கு நிஜமாகவே அவள் தெரியவில்லை. கல்யாணப் பத்திரிகை கொண்டு வந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போய்த் தொட்டியின் மேல் வைத்து, "குடும்பத்தோட வந்துருங்க," என்று மீன்களிடம் சொன்னார்கள். மளிகைக் கடையில் அவள் கேட்ட பருப்பை யாரும் கட்டவில்லை. அவள் சமையலறையில் ராசாமணியின் பாத்திரங்கள் வந்தன, அவள் கட்டிலில் சென்னியப்பன் மத்தியானம் தூங்கினார். அவள் கையிலிருந்த வளையல் குலுங்கினாலும், யாருக்கும் கேட்கவில்லை. அவர்களிடம் ஒரு சுகந்தாமணி இருந்தாள், புருஷனோடு, குங்குமத்தோடு, வாயில்லாமல், இன்னொருத்தி எதற்கு?

ஒரு நாள் முற்பகலில் இரண்டு சேலையும் ஒரு துண்டும் கட்டைப்பையில் எடுத்துவைத்துக்கொண்டு அவள் கூடத்துக்கு வந்தாள். வாசல் திறந்துதான் கிடந்தது. தடுக்க ஒருத்தரும் இல்லை, போக வேண்டியதுதான். கூடத்தில் ராசாமணியும் பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேரும் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஈசுவரமூர்த்தி ஃபில்டரைக் கழுவிக்கொண்டிருந்தான். "பெட்டைக்கு இப்படிக் கலர் வராதுங்க, இத்தனை வருசத்துல நான் பாத்ததில்லை," என்று ஈரக் கையால் தொட்டிக் கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அவள் அவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

ஆண் கப்பிகளுக்கு ஓய்வு தெரியாது. பெட்டை ஒன்று கண்ணில் பட்டால் தின்பதைக்கூட விட்டுவிட்டுத் துரத்தும். பிஸ்தா பச்சை, ஆகாய நீலம், காப்பிக்கொட்டை, சந்தன நிறம் எல்லாம் சேர்ந்து அந்தச் சிவப்பு வாலைத் தொட்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு விரட்டிக்கொண்டிருந்தன. அது குழாய்க்குப் பின்னால் நுழைந்தது, அங்கேயும் வந்தன. மணலோடு மணலாய்ப் படுத்தது, அங்கேயும் வந்தன. வாலின் கடுகுக் கரையில் ஏற்கெனவே இரண்டு இடத்தில் கிழிசல்.

"பாருங்க, என்ன அன்யோன்யம்," என்றாள் ஒருத்தி.

"உசிரோட இருந்தப்ப இப்படிக் கொஞ்சினதே இல்லை," என்றாள் இன்னொருத்தி.

சுகந்தாமணி பையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் மாட்டியிருந்த கைவலையை எடுத்தாள். அவளுக்குப் பழகின வேலைதான். மூடியைத் தூக்கி, வலையைச் சரிவாக விட்டு, குழாய்க்குப் பின்னால் ஒதுங்கி நின்ற சிவப்பு வாலுக்குக் கீழே கொண்டுபோனாள். அது நகரவில்லை, தானாகவே வலைக்குள் ஏறிப் படுத்தது. தூக்கினாள். தண்ணீர் மட்டத்தைத் தாண்டி வலை மேலே வந்ததும், தொட்டிக்குள் சிவப்பு இல்லாமல் போனதும், ராசாமணி முகத்தைத் தூக்கினாள்.

"அம்மிணி எங்க?" என்றாள்.

நாலு பெண்களும் தேடினார்கள். ஈசுவரமூர்த்தி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டான். தொட்டியிலிருந்து அவர்கள் பார்வை மெல்ல மெல்ல மேலே ஏறி, கைவலைக்கு வந்து, வலையைப் பிடித்த கைக்கு வந்து, வளையலுக்கு வந்தது. ராசாமணியின் கண் சுருங்கி, யாரோ நிற்கிற மாதிரி இருக்கிறதே என்று உன்னிப்பாகப் பார்க்கத் தொடங்கியது. "அதாரு அங்க நிக்கறது? சுகந்தாமணியா?" என்றாள். ஈசுவரமூர்த்தி எழுந்து வாசல் பக்கம் நகர்ந்து நின்றான். மறிக்க வேண்டும் என்று நகரவில்லை, பார்க்கத்தான் நகர்ந்தான், ஆனால் வாசல் அடைபட்டது.

வலைக்குள் மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது. சுகந்தாமணிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இந்த மீன் வெளியே வந்தால் அதன் இடத்துக்கு அவள் உள்ளே போக வேண்டும், இரண்டு பேருக்கும் சேர்த்து இந்த வீட்டில் வாசல் இல்லை. "மன்னிச்சுக்க கண்ணு," என்றாள். வலையைத் தண்ணீருக்குள் இறக்கிக் கவிழ்த்தாள்.

"இதா இருக்கறா," என்று ராசாமணி சிரித்தாள். நாலு பேர் கண்ணும் தொட்டிக்குத் திரும்பின. ஈசுவரமூர்த்தி மறுபடி ஃபில்டருக்கு முன்னால் உட்கார்ந்தான். ஆண்கள் துரத்த ஆரம்பித்தன.

அவள் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். பட்டப்பகலில் சந்து நெடுக நடந்தாள், ஒருத்தரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் கிளம்பிக்கொண்டிருந்த சேலம் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஆள் இருப்பது தெரியாமல் யாராவது தன் மடிமேல் வந்து உட்கார்ந்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டே இருந்தாள். காவிரிப் பாலம் தாண்டியபிறகு கண்டக்டர் வந்தார், நேராக அவள் முகத்தைப் பார்த்தார்.

"எங்கம்மா போகோணும்? எத்தனை டிக்கெட்?"

அவள் பைக்குள் கையை விட்டுச் சில்லறையைத் தேடினாள். கண்டக்டர் பொறுமையாக நின்றார். பின் சீட்டுக்காரர் உச்சுக்கொட்டினார்.

"சேலம், ஒண்ணுங்க," என்றாள். "இன்னொருத்தியால வர முடியலைங்க."